ஒதுக்கிவைத்த வட்டங்கள்

மார்ச் 3

தம்பி,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். காய்ச்சல் வந்தால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வரும், இத்தனை மாதம் கடிதம் இல்லை என்பதால் உடம்பு கல்லுமாதிரி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுத் தரையில் ஈரம் காண்கிறது. ஒழுகல் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். சுற்றிலும் தரை காய்ந்து கிடக்க, அது மட்டும் நனைந்திருக்கும். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடியை வட்டமாகத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள் நான். கையால் போட்ட வட்டம் எங்காவது கோணும். இது கோணவில்லை.

பட்டப்பகலில்தான் வருகிறது. முதலில் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு படியில் வந்தது, வாசற்படிக்கு ஏறியது. சிலநாள் கூடத்தில் வந்தது. குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். "இந்தப் பக்கம் பைப்பே போகலம்மா, கீழ வெறும் மண்ணுதான்" என்றார். ஈரத்தைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு, "கை தொடைக்கத் துணி இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கொடுத்த துணி கையில் இருக்கும்போதே மறுபடியும் கேட்டார்.

வாலுவுக்கு இது விளையாட்டு. (நீ வைத்த பட்டப்பெயர் என் பெண்ணுக்கு ஒட்டியே போய்விட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர்கூட வாலு என்றுதான் கூப்பிடுகிறார்.) ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுகிறாள். ஈரம் காய்ந்தபிறகும் கோடு இருக்கிறது. அப்புறம் அதற்குள் இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றுகொண்டு, "அம்மா, இது எனக்கு அளவா இருக்கு" என்கிறாள்.

உள் அறையிலும் எப்போதாவது ஒன்று வந்துபோகிறது, போன வாரம்கூட வந்தது. அவள் தூங்குகிற அறை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் வந்தது. அன்றிலிருந்து ராத்திரி எழுந்து எழுந்து அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் அப்பா கப்பலில் இருக்கிறார், திரும்ப மழைக்காலம் ஆகும். யாரிடம் சொல்வேன்?

ஒன்று எங்கே போய்ச் சேரும் என்று சொல்வதற்குத்தானே கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்று உனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்? வீட்டின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். எது எதற்குப் பிறகு வந்தது என்றும் குறித்திருக்கிறேன். இது எங்கே போய்ச் சேரும்? என் பெண்ணின் கட்டிலுக்கா? அதை மட்டும் சொல்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்தேன். நான் முகம் சுருக்கிப் படிப்பதைப் பார்த்து, எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். உன்னால் என் மானம் போனது.

பூனை, விரிசல், வாலு. இந்த மூன்றில் எனக்குக் கடைசி ஆள்மேல்தான் சந்தேகம். ஆனால் நீ பயந்து நான் பார்த்ததில்லை. அதனால் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

ஒன்று ஓரிடத்தில் போய்ச் சேருகிறது என்று சாதாரணமாகச் சொன்னால் பொருள் இதுதான். அந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு சின்ன எல்லை போட்டாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வருவதெல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே விழவேண்டும். உன் வட்டங்கள் அப்படி இல்லை. வாசற்படியைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறது, திடீரென்று ஒன்று உள் அறைக்குத் தாவுகிறது, மறுபடியும் வாசற்படிக்கு வந்துவிடுகிறது. பழைய அர்த்தத்தில் பார்த்தால் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

என் ஆராய்ச்சி தொடங்குவது இங்கேதான். எதையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம் என்று முதலிலேயே ஒரு கூடை வைத்துக்கொள்கிறோம். எங்கள் ஆட்கள் அதற்கு ஐடியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து மயங்காதே, குப்பைக்கூடைதான். ஒரு கூட்டத்தைக் கூடையில் போட்டால் அதிலிருந்து கிள்ளிய எதுவும் கூடையைச் சேர்ந்தது. இரண்டு கூட்டங்களைத் தனித்தனியே போட்டாலும் இரண்டும் சேர்ந்தது கூடையைச் சேர்ந்தது. மொத்தமும் மட்டும் கூடைக்குள் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். பிறகு, கூடைக்கு வெளியே மிஞ்சியவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்ப்போம்.

உன் படத்தைப் பார். உள் அறையில் வருவது அபூர்வம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. இப்படி அருகிக்கொண்டே போவதைக் கூடையில் போடலாம், தப்பே இல்லை. போட்டுவிட்டால் மிச்சமெல்லாம் அழகாக வாசற்படியில் போய்ச் சேர்கிறது. கட்டிலுக்கு வராது. வாசற்படியோடு நின்றுவிடும்.

உள் அறையில் இருக்கிற சாக்பீஸ் கோடுகளை அழித்துவிடு. இனி அங்கே வந்தாலும் கோடு போடாதே, எண்ணாதே, கண்டும் காணாமல் இரு. வாலுவுக்கு ஒரு குட்டு வை, என் கணக்கில்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எதைப் பார்த்துப் பயப்படுகிறேனோ அதையே தேடிப் பிடித்துக் கூடையில் போடு என்கிறாய். அபூர்வமாக வந்தால் வரவில்லை என்று ஆகிவிடுமா? நீகூடத்தான் இந்த வீட்டுக்கு அபூர்வமாக வருகிறாய். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டேதான் போகிறது. உன்னையும் அழித்துவிடட்டுமா?

திட்டி முடித்துவிட்டேன். இப்போது நடந்ததைக் கேள்.

நீ சொன்னபடி உள் அறையை ஈரத்துணியால் துடைத்தேன். வாலு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதை அழிச்சா அது எங்கம்மா போகும்?" என்று கேட்டாள். "எங்கேயும் போகாது, இல்லாம போயிடும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியவர்கள் பொய் சொல்லும்போது பிள்ளைகள் பார்க்கிற பார்வை.

அன்றோடு உள் அறையில் வருவது நின்றுவிட்டது. ஒன்றுகூட இல்லை. வாசற்படியில் மட்டும் தினமும் வருகிறது, கிட்டத்தட்ட ஒரே இடத்தில். பயந்து பயந்து விழித்துக்கொள்கிற பெண் இப்போது கண்ணை மூடினால் விடியும்வரை அசைவதில்லை.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. புரியவும் வேண்டாம். நீ என் வயிற்றில் பாலை வார்த்தாய். இனி உன் கணக்கைப் பற்றிக் கிண்டல் செய்யமாட்டேன், இந்த மாதம் முடியும்வரை.

அக்கா


மார்ச் 28

அக்கா,

தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. பதினைந்து வருஷமாக நான் எழுதிய கட்டுரைகளைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு வரி ஒரு வீட்டில் வேலை செய்திருக்கிறது என்றால் அது சும்மாவா? உடன்வேலை செய்கிறவரிடம் சொன்னேன். "உங்க அக்கா வீட்டுத் தரை உங்க கட்டுரையைப் படிச்சிருக்குன்னா, நம்ம துறைத் தலைவரைவிட அது பரவாயில்லை" என்றார்.

நானும் தரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், சிரிக்காதே. என் அறையில் மேசைக்கு அடியில் போன வாரம் ஓர் ஈரம் பார்த்தேன். வட்டமாகத்தான் இருந்தது. மாடி அறை, மேலே மொட்டைமாடி, ஏதாவது கசிந்திருக்கும். கூரையைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. நேற்று இன்னொன்று வந்தது, கட்டில் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி.

கீழே இருக்கிற வீட்டுக்கார அம்மா படியில் நிறுத்திக் கேட்டார்: "மேல குழந்தை யாராவது வந்திருக்கா தம்பி? மத்தியானம் ஓடுற சத்தம் கேக்குதே." நான் கல்லூரியில் இருந்த நேரம். எலியாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். உன் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கும் கண்ணில் வட்டம் வட்டமாகத் தெரிகிறது போலிருக்கிறது.

வாலு என்ன செய்கிறாள்? அவளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

வாலுவைப் பற்றிக் கேட்டாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவள் வாசற்படியிலேயே நிற்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குள் காலைச் சேர்த்துவைத்து நின்றுவிடுகிறாள். முதலில் விளையாட்டு என்று விட்டேன். இப்போது கூப்பிட்டால் வருவதில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்மா, நான் நின்னுட்டிருக்கேன்" என்கிறாள். யாருக்காவது காத்திருக்கிறாயா என்றால் இல்லை என்கிறாள். கால் வலிக்கவில்லையா என்றால், "எந்தக் கால்?" என்று கேட்கிறாள்.

நேற்று கையைப் பிடித்து இழுத்தேன். இந்த இடுப்பில் சுமந்த பிள்ளை, அவள் கனம் எனக்குத் தெரியாதா? அசைக்க முடியவில்லை. உள்ளங்கால் தரையோடு ஒட்டியதுபோல இருந்தது. ஈரம் காய்ந்தபிறகுதான் தானாக இறங்கி வந்தாள். வந்து சாப்பிட்டாள், படித்தாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். உள் அறையில் பலித்தது வாசற்படியில் பலிக்காதா? தினமும் வந்து வந்து பழகிப்போய்விட்டது. அபூர்வமாக வருவதை ஒதுக்கலாம் என்றால், அலுத்துப்போனதையும் ஒதுக்கலாம்தானே? நாளைக்குக் காலையில் வாசற்படியைத் துடைத்துவிடுவேன். வெளிக்கதவு, படி, கூடம் என்று ஒன்றிரண்டு பழைய கோடு இருக்கிறது, கையோடு அதையும். இனி வீட்டில் ஒரு கோடுகூட இருக்காது. எல்லாம் உன் கூடைக்கே. பீடை ஒழிந்தது என்று தலைமுழுகிவிடுகிறேன்.

என்னவோ ஒரு விதி சொல்லியிருந்தாய், மொத்தமும் போகக்கூடாது என்று. அது பரீட்சைக்கு எழுதுகிறவர்களுக்கு. எனக்கு என் பெண் உள்ளே வரவேண்டும்.

அக்கா


ஏப்ரல் 12, விரைவுத் தபால்

அக்கா,

துடைக்காதே, துடைத்திருந்தால் பழைய இடத்தில் கோடு போடு என்று தந்தி கொடுத்திருக்கிறேன். உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. நீ துடைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? சொன்னதைச் செய்யாமல் விடாத ஆள்.

பொறுமையாகப் படி. அந்தக் கடைசி விதியை நான் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். எங்களில் யாரும் அதை மீறுவதில்லை, அதனால் அழுத்திச் சொல்லத் தோன்றவில்லை. ஓர் இடத்தைக் காட்டி, "அது இங்கேயா போய்ச் சேர்கிறது?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லக் கூடைக்கு வெளியே ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். உள் அறையில் வந்ததை நான் போட்டேன். வாசற்படியில் வந்ததை நீ போட்டாய். இரண்டும் சேர்ந்தால் மொத்தம். இப்போது எந்த இடத்தைக் காட்டிக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் பதில். அடுக்களையா? ஆமாம். கட்டிலா? ஆமாம். அலமாரிக்கு உள்ளேயா? ஆமாம். எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் ஆமாம்.

உடனே வாசற்படியில் பழைய இடத்திலேயே சாக்பீஸால் கோடு போடு. அதைக் கூடையிலிருந்து வெளியே எடுத்துவிடு. உள் அறையில் இருந்தவை கூடையிலேயே இருக்கட்டும்.

ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஒதுக்கியது இல்லாமல் போவதில்லை அக்கா. வாலு கேட்டாளே, அழித்தால் அது எங்கே போகும் என்று. இங்கே வருகிறது. என் மேசைக்கு அடியில் வந்ததும், கட்டில் பக்கம் வந்ததும், உன் உள் அறையில் வராமல் நின்ற வட்டங்கள்தான். இடைவெளி, வரிசை, கட்டிலை நெருங்குகிற விதம், எல்லாம் நீ அனுப்பிய படத்தின் தொடர்ச்சி. நான் ஒதுக்கினேன், அதனால் என்னிடம் வருகிறது. வரட்டும். நான் தனி ஆள், என் கட்டில்தானே? பிள்ளை கட்டில் இல்லையே.

கோடு போட்டதும் தந்தி கொடு.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

போட்டுவிட்டேன். தந்தியில் அதை மட்டும் சொன்னேன். மிச்சத்தைத் தபால் ஆபீஸ் ஜன்னலில் நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

உன் தந்தி வருவதற்கு முன்பே துடைத்துவிட்டேன். துடைத்து முடித்து நிமிர்ந்தபோது தரை முழுக்க ஈரம். நான் துடைத்த ஈரம் என்று நினைத்தேன். அது காயவில்லை. சுவரில் ஏறியது. மேசைமேல், தலையணை உறையில், வாலுவின் புத்தகப் பைக்குள், கடைக்கு எடுத்துப்போகிற என் கண்ணாடிப் பெட்டியில் ஒவ்வொரு வில்லையிலும். வட்டமே தெரியவில்லை, வட்டத்தோடு வட்டம் சேர்ந்து எங்கும் ஒரே ஈரம்.

"வாலு!" என்று கூப்பிட்டேன். "இங்கதாம்மா இருக்கேன்" என்றாள். குரல் அடுக்களையிலிருந்து வந்தது. கூடத்திலிருந்தும் வந்தது. உள் அறை, படி, அலமாரி. நான் கூப்பிடுகிற பக்கமெல்லாம் பதில் சொன்னாள். ஒவ்வொரு அறையாக ஓடினேன். போன அறையில் குரல் இருந்தது, பிள்ளை இல்லை. "இங்கதாம்மா. இங்கதாம்மா. ஏம்மா என்னைப் பாக்க மாட்டேங்கறே?" நான் சத்தம் போட்டு அழவில்லை. அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இப்படியே நாட்கள் போயின தம்பி. கேட்கிறவர்களிடம் காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்று சொன்னேன்.

தந்தி வந்தும் எந்த இடத்தில் கோடு போடுவது என்று தெரியவில்லை. எல்லாம் நனைந்திருக்கும்போது பழைய இடம் எது? உன் விரைவுத் தபாலைப் படித்தபிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவள் தினமும் நின்ற இடத்தை நினைத்துக்கொண்டு, தடவித் தடவிப் போட்டேன். கண்ணைத் திறந்தால் வட்டத்துக்குள் நிற்கிறாள். பையோடு. "ஏம்மா அழறே?" என்கிறாள்.

வீடு காய்ந்துவிட்டது. என் பெண் கிடைத்துவிட்டாள். நீ இனிமேல் எனக்கு எதுவும் கணக்குச் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலைந்து காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

வாலு இங்கே இருக்கிறாள்.

போன வாரம் ஒரு மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரவு உடுப்பு, கால் இரண்டும் நனைந்திருந்தன. பையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மாமா, அம்மா என்னைத் தொடச்சிட்டா" என்றாள். பிறகு உதடு பிதுங்கி அழுதாள். என் அலமாரியைக் கலைத்தாள், சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தாள், என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கே பாடம் நடத்தினாள். இருட்டுகிற நேரத்தில் பயமாக இருக்கிறது என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சட்டையில் ஈரம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகும் வந்தாள். வீட்டுக்கார அம்மாவே பார்த்துவிட்டு, "அக்கா பொண்ணா? மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பித்துப்பிடிக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு கிள்ளல்தான் சாட்சி.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் இருக்கிற பெண் எப்படி இருக்கிறாள்?

தம்பி


மே 4

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பிறகு அடுப்பிலிருந்து எடுத்தேன். ஓரம் கருகிவிட்டது.

என் பெண் என்னிடம் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். டீச்சர் நேற்று, "உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணா மாறிட்டா, எப்படி மாத்தினீங்க?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டேன்.

வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை அவள். சாப்பாட்டை அங்கேயே கொடுக்கிறேன், பாயை அங்கேயே விரிக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறாள், திரும்புகிறாள், வாசற்படியில் வந்து சேருகிறாள். அடம் இல்லை, பயம் இல்லை. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள், ரத்தம் வழிகிறது, அதைத் தனக்குச் சம்பந்தமில்லாததுபோலப் பார்க்கிறாள். "பயமா இருந்தா அம்மாகிட்ட வா" என்றேன். "எனக்குப் பயமே வரதில்லம்மா, அதைத்தான் எடுத்துட்டீங்களே" என்றாள். என்னை ஒருநாளும் அவள் நீங்கள் என்று சொன்னதில்லை.

எது என் பெண் தம்பி? தினமும் வந்து நிற்கிற இவளா? எப்போதோ வந்து அழுகிற அவளா?

அக்கா


மே 12

அக்கா,

இருவரும்தான். நாம் அவளைப் பிரித்துவிட்டோம். நான் அபூர்வமாக வந்ததையெல்லாம் ஒதுக்கச் சொன்னேன். அவளுடைய அழுகை, அடம், பயம், கெட்ட கனவு, எல்லாமே அபூர்வமாக வருகிறவைதானே? அவை அவள் தூங்குகிற அந்த உள் அறையில்தானே இருந்தன? அவளிடமிருந்து அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அவள் இங்கே வருவது குறைந்துகொண்டே போகிறது. முதலில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை. இடைவெளி நீள்கிறது. என் விதிப்படி பார்த்தால் அவள் ஒதுக்கத் தகுந்தவள். இந்த வாக்கியத்தை எழுதும்போது என் கை கூசுகிறது. அவளை ஒதுக்கமாட்டேன், என் வேலையையே தூக்கி எறியவேண்டி வந்தாலும் சரி.

ஒன்று கண்டுபிடித்தேன். கையைப் பிடித்திருக்கும்வரை அவள் போவதில்லை. நேற்று மத்தியானம் முழுக்கப் பிடித்திருந்தேன். பால் காய்ச்சுவதற்காக விட்டேன், திரும்பினால் இல்லை. அடுத்தமுறை வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ரயில் ஏறிவிடுவேன். பெட்டி கட்டிவைத்துவிட்டேன். ரயில் மாறுகிற ஊரில் ஒரு பகல் காத்திருக்கவேண்டும். ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிற விடுதியின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதுவதானால் அங்கே எழுது.

நீ செய்யவேண்டியது ஒன்று. அழித்த கோடுகளையெல்லாம் திரும்பப் போடவேண்டும். உள் அறையில் இருந்தவற்றையும். திரும்பத் திரும்ப வருவது எதையும் கூடையில் போடாதே. அப்போதுதான் அவள் ஒருத்தியாவாள். ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டங்களையும் கணக்கில் எடுத்தால், வாசற்படியோடு நின்றுவிடும் என்று நான் சொன்ன வாக்கு போய்விடும். அது கட்டில்வரைக்கும் வரலாம். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த முடிவை உனக்காக நான் எடுக்கமுடியாது.

தம்பி


மே 21, விரைவுத் தபால், விடுதி முகவரிக்கு

தம்பி,

முடிவெடுக்க எனக்கு நேரம் ஆகவில்லை. சாக்பீஸ் தேடத்தான் நேரம் ஆனது.

வெளிக்கதவிலிருந்து தொடங்கிப் படி, வாசற்படி, கூடம், உள் அறை என்று எல்லா வட்டத்தையும் போட்டுவிட்டேன். நான் அனுப்பிய படம் உன்னிடம் இருக்கிறது, எனக்கு அது தேவைப்படவில்லை. எங்கே எது வந்தது என்று கால் மறக்கவில்லை. உள் அறையில் முன்பு வராத இடத்தில், கட்டிலுக்கு அடியில் ஒன்று ஈரமாக இருந்தது. அதற்கும் போட்டேன். குனிந்து உள்ளே பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டிப் போட்டேன். பார்க்காமல் போட்டதால் வட்டம் கோணிவிட்டது. கட்டில்வரை வருவதானால் வரட்டும். அந்தக் கட்டிலில் அவளோடு நானும் படுத்துக்கொள்வேன்.

நீ கிளம்பிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். இன்று காலை வாசற்படியில் நிற்கிறவள் திடீரென்று வலது கையைத் தூக்கினாள், யாரோ பிடித்திருப்பதுபோல. "என்னடி பண்றே?" என்றேன். "மாமா வேகமா நடக்கறாரும்மா, கால் வலிக்குது" என்று சிணுங்கினாள். சிணுங்கினாள் தம்பி! எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா அந்தச் சிணுங்கலைக் கேட்டு? கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. இன்னொரு கால் வெளியே இருக்கிறது. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவளை வேகமாக நடத்தாதே, ஆனால் எங்கேயும் நிற்காதே. சாப்பிடும்போதும் கையை விடாதே.

அப்புறம் இன்னொன்று. நீ பிடித்திருப்பது அவளுடைய வலது கை. அது எனக்குத் தெரிகிறது. மத்தியானத்திலிருந்து அவள் இடது கையும் உயர்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு வட்டம் ஈரமாக இருக்கிறது. அந்தப் பக்கம் யார் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று நீ திரும்பிப் பார்க்காதே. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அக்கா